வன வைத்தியர் டாக்டர் கிளெக்ஹார்ன்

உத்தரமேரூர் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே நம் மாணவர் பலர்க்கும் நினைவில் எழுவன, அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தே, கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகளேயாம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையிற் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியத்தாரைத் தெரிந்துகொண்ட முறையை அவை விளக்குகின்றன. அங்ஙனம் தெரியப்பெற்றோருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்தினர். பன்னிருவர் தோட்ட வாரியத்தினர். அறுவர் ஏரி வாரியத்தினர். வாரியம் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தவரும், அவர்தம் சுற்றத்தாரும், மீட்டும் அப்பணிக்கு ஆகார் என்னும் விதியும் அவற்றுள் உண்டு. பொதுப்பொருளைக் கையாள்வோன் ஊரார்க்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்னும் நெறியை, நம் நாட்டுச் சிற்றூர் ஒன்று ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்லில் எழுதி வைத்தது.

ஏரியைப் பேண ஒரு வாரியமும், தோட்டத்தைப் பேண ஒரு வாரியமும் அமைத்த அப்பெரியோர், காட்டிற்கென ஒரு வாரியத்தை அவ்விரு கல்வெட்டுகளிலும் கூறினாரல்லர். காடு அன்று குறைவுபடாப் பொருளாகத் தோன்றியமையின், அதற்குக் கணக்கு வேண்டுவதில்லை என எண்ணினர் போலும். காசாவும் பாலையும் வீரையும் களாவும் சூரையும் காரையும் செறிந்த வறண்ட காடுகள் அந்நிலப்பகுதிக்கு இயல்பாக உரியவை. விறகும், வேலிக்கு முள்ளும், வயலுக்குத் தழையும், ஏருக்குக் கொழுமரமும் அவற்றினின்றே வந்தன. தொள்ளாயிரம் ஆண்டுகட்கு மேல் கழிந்த பின்னர், உத்தரமேரூரும் செங்கற்பட்டும் அடங்கிய சென்னை இராசதானியில், காட்டிற்கும் கணக்கு வேண்டும் என்று எடுத்துக் கூறி, அக்கணக்கை எழுதத் தொடங்கியவர் ஒருவர் தோன்றினார். அவரே டாக்டர் ஹ்யூ கிளெக்ஹார்ன் என்பவர். அவர் வரலாற்றையும், அவர் எழுதிய கணக்கில் நிறைந்ததையும் குறைந்ததையும் ஈண்டு நாம் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கிளெக்ஹார்ன் 1820ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9ஆம் தேதி சென்னை மாநகரிலேயே பிறந்தார். அவர் தந்தையார் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் அலுவல் பார்த்தவர். பாட்டனாரோ ஸ்காத்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையில் ஆசிரியராய் விளங்கி, பின்னர் இலங்கைத் தீவு ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய காலத்தே அச்செயலிற் பெரும்பங்கு கொண்டவர். சிறுவராயிருந்தபொழுதே ஹ்யூ ஸ்காத்லாந்திற்கு அனுப்பப்பட்டு, பைஃப் நாட்டிலுள்ள ஸ்ட்ராவிதி என்னும் தம் குடும்பப் பண்ணையில் பாட்டனார் பார்வையில் வளர்ந்தார். பண்ணையில் மரம் நடுதலும், நட்டதைக் காத்தலும், முதிர்ந்ததை வெட்டுதலும் ஆண்டுதோறும் நிகழும் வேலைகள். அவ்வேலைகளைக் கண்டு வளர்ந்த பிள்ளையின் உள்ளத்தில், மரமும் நெல்லைப்போல் விதைத்து அறுக்கத் தக்கதொரு விளைபொருளே என்னும் எண்ணம் இளமையிலேயே வேரூன்றியிருத்தல் கூடும்.

செயின்ட் ஆண்ட்ரூஸிலும் எடின்பரோவிலும் கல்வி பயின்று, 1841இல் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். அந்நாளில் வைத்தியம் பயில்வார் தாவர நூலையும் பயிலுதல் வேண்டும். மருந்துகளிற் பெரும்பாலன பச்சிலையும் பட்டையும் வேருமே ஆதலின் என்க. பட்டம் பெற்ற அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராகச் சென்னைக்குத் திரும்பினார். சிலகாலம் பட்டாளத்திலும் ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தபின், மைசூர் நாட்டின் நகர் என்னும் பகுதிக்கு அனுப்பப்பட்டுச் சிமோகாவில் தங்கினார்.

சிமோகா வாசமே அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றியது. நாள்தோறும் செடி ஒன்றை ஆராய்வது என விரதம்போல் மேற்கொண்டு, உள்நாட்டுச் சித்திரக்காரர் ஒருவரை அமர்த்தி, தாம் கண்ட செடிகளை ஒவ்வொன்றாக வண்ணத்தில் எழுதுவித்தார். அப்பொழுது அவர் கண்டவை செடிகள் மட்டுமல்ல. மேற்கு மலைச்சாரலிற் பெருந்தேக்குகள் கணக்கின்றி வெட்டி வீழ்த்தப்படுதலும், வீழ்த்தியவற்றிற் பாதியும் எடுத்துச் செல்வாரின்றி மட்கிப் போதலும், மலைவாழ்நர் காட்டை எரித்துச் சாம்பலில் விதைத்து இரண்டொரு போகம் கண்டபின் வேறிடம் பெயர்தலும் அவர் கண்ணிற்பட்டன. எரித்து விதைக்கும் இம்முறையைக் கன்னட நாட்டார் குமரி என்பர். தெலுங்கர் போடு என்பர். நம் மலைகளிற் புனம் என்பர். நோயாளியின் உடலில் இரத்தம் குறைவதைக் காணும் வைத்தியர் வாளா இரார் அன்றோ? அழிவு மிகுதலை இவர் மேலதிகாரிகட்கு எடுத்துரைத்தார்.

மலைக்காய்ச்சல் அவரையும் விட்டபாடில்லை. 1848இல் உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்பினார். அவ்வோய்வு வீண் போகவில்லை. அக்காலத்தே இந்தியாவின் காடுகள் அழிதலைப் பற்றி வைத்தியர் சிலர் முன்னரே கவலை கொண்டிருந்தனர். பின்னர்ச் சென்னைப் பொருட்காட்சிச்சாலையை நிறுவியவரான எட்வர்டு பால்ஃபர் என்னும் வைத்தியர், மரங்கட்கும் மழைக்கும் ஈரத்திற்கும் உள்ள தொடர்பு குறித்துச் சென்னையிலேயே 1849இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1850இல் எடின்பரோவிற் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தார், வெப்ப நாடுகளின் காடுகள் அழிதலால் விளையும் பயன் யாது என ஆராய ஒரு குழுவை அமைத்தனர். அதில் கிளெக்ஹார்ன் முதன்மையான உறுப்பினர். ராயில், பேர்டு ஸ்மித், ஸ்ட்ரேச்சி என்போர் உடனிருந்தனர். அக்குழுவின் அறிக்கை 1851இல் இப்ஸ்விச் நகரிற் கூடிய சங்கத்தின்முன் வைக்கப்பட்டது. காட்டைத் தனியார் விருப்பத்திற்கு விட்டால் அஃது எஞ்சாது. அரசாங்கமே அதனை வரம்பிற்குட்படுத்திப் பேணல் வேண்டும் என்னும் கருத்து, அவ்வறிக்கையால் இங்கிலாந்தில் அறிஞர் அவையேறிற்று.

மீண்டும் சென்னைக்கு வந்த கிளெக்ஹார்ன், 1852இல் சென்னை வைத்தியக் கலாசாலையிற் தாவர நூல் ஆசிரியரானார். விவசாய தோட்டக்கலைச் சங்கத்தின் காரியதரிசியாகவும் இருந்து, அதன் தோட்டத்திலுள்ள செடிகளின் அட்டவணையை 1853இல் வெளியிட்டார். கோவிந்து என்னும் தெலுங்குச் சித்திரக்காரர் முன்னர் ராபர்ட் வைட் என்னும் தாவர நூற்புலவர்க்குப் படம் எழுதித் தந்தவர். அவரே பின்னர் கிளெக்ஹார்னுக்கும் பல ஆண்டுகள் எழுதினார். கிளெக்ஹார்ன் எழுதுவித்த படங்களும் தொகுத்த படங்களும் ஏறத்தாழ 3,000 இன்றும் எடின்பரோ அரச தாவரத் தோட்டத்தில் உள்ளன. தாவரக் குலம் ஒன்றிற்குக் கிளெக்ஹார்னியா எனவும், மற்றொன்றிற்குக் கோவிந்தூயா எனவும் பெயரிட்டு, அறிஞரையும் சித்திரக்காரரையும் ஒருங்கே போற்றிய பெருமை வைட்டுக்கு உரியது.

இவர் எழுதிய சிறு கட்டுரைகள் இரண்டை நாம் ஈண்டுக் குறித்தல் தகும். ஒன்று இந்திய வேலிச் செடிகளைப் பற்றியது. மற்றொன்று சென்னைக் கடற்கரை மணலை இறுகப் பிணிக்கும் செடிகளைப் பற்றியது. நம்மூர்ச் சிறுவர் காலால் மிதித்துச் செல்லும் அடும்பங்கொடியும், காற்றில் உருண்டோடும் தலைகளையுடைய இராவணன் மீசை என்னும் புல்லும் மணற்குன்றுகளைப் பெயரவொட்டாது காப்பன. கள்ளியும் முள்ளும் உயிர்வேலியாய் நின்றால், வேலிக்கென ஆண்டுதோறும் காட்டில் வெட்டும் முள் மிச்சமாகும். இத்தகைய சிறு பொருள்களிலும் பயன் காணும் கண்ணே பின்னர்ப் பெருங்காடுகளையும் நோக்கிற்று.

இவ்வேளையில் இராசதானியின் காடுகட்குப் புதியதொரு பசி தோன்றிற்று. 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடிற்று. தண்டவாளத்தின் கீழ் மூன்றடிக்கு ஒரு சிலீப்பர்க் கட்டை வீதம் இடுவதாகக் கொள்வோம்; மைல் ஒன்றிற்கு 1,760 கட்டைகள் வேண்டும். அறுபது மைலுக்கு மேற்பட்ட அவ்விருப்புப் பாதைக்கு மட்டும் இலட்சத்திற்கு மேற்பட்ட கட்டைகள். அவை மழையிலும் கறையானிலும் சில ஆண்டுகளிற் பழுதாகும். மீண்டும் புதியன இடல் வேண்டும். பாதை கோயம்புத்தூர் நோக்கியும் கடற்கரை நோக்கியும் நீண்டுகொண்டே சென்றது. நிலக்கரி அருகிக் கிடைத்த தென்னாட்டில் இயந்திரங்கள் விறகையே எரித்தன. சென்னை நகரத்து அடுப்புகளோ முன்னமே சுற்றுப்புறக் காடுகளைத் தின்றுகொண்டிருந்தன. தலைநகருக்கு அண்மையிலிருந்த செங்கற்பட்டுச் சீமையின் புதர்க்காடுகள் கோடரிக்கு எளிதில் எட்டும் நிலையில் இருந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அப்பொழுது கவர்னராயிருந்த ஹாரிஸ் பிரபு, காடுகளைப் பேணும் இலாகா ஒன்றை அமைக்கக் கருதி, அதன் தலைமையைக் கிளெக்ஹார்னிடம் ஒப்புவித்தார். 1856ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சென்னை இராசதானியின் முதல் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். வைத்தியக் கலாசாலையில் மாணவர்க்குப் பச்சிலை காட்டியவர், அன்று முதல் வடக்கே கஞ்சம் தொடங்கித் தெற்கே திருநெல்வேலி வரை பரந்த காடுகட்கு நாடி பார்க்கலானார். ரிச்சர்டு பெடோம், டக்ளஸ் ஹாமில்டன் முதலிய சில பட்டாள உத்தியோகஸ்தர்களே அவர்க்குத் துணை. ஏட்டில் காடு எவ்வளவு என்பதும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை, பயிற்சி பெற்ற காவலரும் இல்லை. குதிரையிலும் காலிலுமாக அவர் நாடெங்கும் சுற்றினார். மழைக்காலத்து மலைச்சாரலிற் காய்ச்சல் காத்திருக்கும். வெயிற்காலத்திற் காட்டுத்தீ எழும். ஆண்டுதோறும் வேலைக்கு உகந்த மாதங்கள் சிலவே. 1858இல் ஆனைமலையின் உயர்ந்த சிகரங்கள் வரை சென்று, யானைகள் தேக்கு மரங்களை இழுக்கும் அக்காட்டின் வளத்தை ஆராய்ந்து எழுதினார்.

அவர் கொண்ட கொள்கை மரமே வெட்டலாகாது என்பதன்று. இதனை மாணவர் கருத்தில் இருத்துதல் வேண்டும். பணத்தை வட்டிக்கு ஈந்தவன் வட்டியை உண்ணலாம். முதலை உண்டால் அடுத்த ஆண்டு பட்டினியே. காட்டின் முதல் நிற்கும் மரங்கள்; ஆண்டுதோறும் அவை பெருக்கும் பருமனே வட்டி. எவ்வளவு வளர்கின்றதோ அவ்வளவே வெட்டுதல்; வெட்டிய இடத்தில் மீட்டும் தழைக்கவிடுதல் அல்லது நடுதல்; இளமரத்தைக் கோடரிக்கும் தீக்கும் ஆட்டுக்கும் தப்புவித்தல்; இம்மூன்றும் அவ்வித்தையின் உயிர்நிலை. வேரடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மரங்கள் நிறைந்த ஒரு காட்டைப் பத்துக் கூப்புகளாக வகுத்து, ஆண்டுக்கு ஒரு கூப்பாக வெட்டினால், பத்தாவது கூப்பை வெட்டி முடிக்கும்பொழுது முதற் கூப்பு மீண்டும் விறகு தரும் பருவம் எய்தியிருக்கும். கூப்பு என்னும் சொல் இன்றும் நம் வனத்தொழிலாளர் வாயில் வழங்குகின்றது. உழவன் தன் ஆறேழு செய்களை மாறிமாறிப் பயிரிடும் கணக்கிற்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே.

கிளெக்ஹார்ன் இலாகாவின் தலைமை ஏற்றபொழுது, நட்டு வளர்த்தலாலும் காடு உண்டாக்கலாம் என்பதற்குக் கண்கண்ட சான்று ஒன்று இருந்தது. மலையாளக் கலெக்டராயிருந்த கொனோலி என்பவர் 1842 முதல் நிலம்பூரிற் தேக்கு வளர்க்க முயன்றார். தேக்கு விதை எளிதில் முளைப்பதன்று. சாத்து மேனோன் என்னும் உள்நாட்டு உத்தியோகஸ்தரே 1844ஆம் ஆண்டளவில் அவ்விதையை முளைப்பித்து நாற்றாக்கி, இலட்சக்கணக்கில் நட்டுக் காட்டினார். நட்டவர் அம்மரத்தின் முழுப்பயனைக் காணும் அளவு வாழ்தல் அரிது. கொனோலியோ 1855இலேயே கொலையுண்டார். அவர் நட்டதன் ஒரு பகுதி இன்றும் நிலம்பூரிற் பெருமரங்களாய் நிற்கின்றது. அத்தோட்டத்தின் மேற்பார்வையும் கிளெக்ஹார்ன் பொறுப்பில் வந்தது. பேரனுக்காகப் பாட்டன் பயிரிடும் பொறுமை தனி மனிதர்க்கு அரிதாதலின், அப்பணி இடையறாது நடைபெற அரசாங்க இலாகா ஒன்று வேண்டும் என்னும் அவர் கருத்துக்கு நிலம்பூர் நல்லதோர் எடுத்துக்காட்டாயிற்று.

தேக்கு, தோதகத்தி, சந்தனம் முதலிய உயர்ந்த மரங்களை அனுமதியின்றி வெட்டலாகாது எனக் கட்டுப்பாடு வந்தது. இரயிலுக்கு வேண்டும் விறகிற்கெனத் தனித் தோப்புகள் வளர்க்கும் முயற்சியும் எழுந்தது. அக்காலத்திற் கடற்கரையோரம் பரவத் தொடங்கிய சவுக்கு மரம் செங்கற்பட்டுச் சீமைக்கு ஒரு புதிய வேளாண்மையைத் தந்தது. வேரில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே கவரும் மரம் ஆதலின், அது வெறும் மணலிலும் வளரும். நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 கன்றுகள் கொள்ளும். விறகுக்கும், பந்தற்காலுக்கும், சாரக்கழிக்கும், காகித ஆலைக்கும் அது பயன்படுகின்றது. காஞ்சீபுர, செங்கற்பட்டு மாவட்டங்களிற் சவுக்குத் தோப்பு இன்றும் உழவர்க்குக் கைகொடுக்கும் பயிர். அவ்வளவு விறகையும் கழியையும் தோப்பு தருதலால், காட்டின்மேல் விழவேண்டிய கோடரி வீச்சுகள் பல குறைந்தன.

கிளெக்ஹார்ன் ஆண்டுதோறும் அரசாங்கத்திற்கு விடுத்த அறிக்கைகளைத் தொகுத்து, தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும் என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக 1861இல் இலண்டனில் வெளியிட்டார். அவ்வாண்டே திருமணமும் செய்துகொண்டார். பெங்களூர் லால்பாக், 1856இல் அரசாங்கத் தாவரத் தோட்டமாக மாறியதற்கும் அவர் ஆலோசனையே காரணமாயிற்று. பின்னர் பஞ்சாப்பிற்கு அழைக்கப்பட்டு, செனாப், ராவி, சட்லெஜ் முதலிய ஆறுகளின் தலைப்பகுதியிலுள்ள தேவதாரு வனங்களை ஆராய்ந்து 1864இல் அறிக்கை தந்தார். அவ்வாண்டில் இந்தியா முழுமைக்கும் வன இலாகா அமைந்து, ஜெர்மானிய அறிஞரான பிராந்திஸ் அதன் முதல் தலைவரானார். கிளெக்ஹார்ன் அவரோடு உடனுழைத்து, 1867இல் அவர் விடுமுறையில் இருந்தபொழுது அவர் பதவியையும் சிலகாலம் வகித்தார். அதன் பின்னர் இந்தியாவை விட்டுத் தம் பண்ணைக்குத் திரும்பினார்.

இனி, அவர் கணக்கிற் குறைந்த பகுதியைக் கூறுதல் நம் கடமை. பெரியார் வரலாற்றை எழுதுவார் குணத்தோடு குற்றமும் நாடுதலே அவர்க்குச் செய்யும் மரியாதை எனக் கருதுகின்றோம். காடு அழிவதற்குக் காரணம் யார் என்னும் வினாவிற்கு, ஒப்பந்தக்காரரையும் குமரி வேளாளரையும் அவர் ஒருங்கே சுட்டினார். 1860இல் அரசாங்கக் காடுகளில் முன் அனுமதியின்றிக் குமரி செய்யலாகாது எனச் சென்னை அரசாங்கம் தடுத்தது. ஆயின், இலட்சக்கணக்கிற் சிலீப்பர் வேண்டிய இரயிலும், கப்பற்பட்டறைக்குத் தேக்கு வேண்டிய அரசாங்கமும் காட்டிற் கொண்ட பசியோடு நோக்கும்பொழுது, மலைவாழ்நரின் பசி எத்துணைச் சிறியது! மலைமக்கள் நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டு மீண்டும் காடாகவிட்ட பின்னரே அவ்விடத்திற்குத் திரும்பி வந்த முறையும் ஒருவகைக் கூப்பு முறையே என்பதை அக்கால அதிகாரிகளிற் பெரும்பாலார் கண்டிலர்.

பின்னர் வந்த சட்டங்கள் இப்பிளவை விரித்தன. காடெல்லாம் அரசாங்கத்தின் சொத்து எனச் சட்டம் செய்ய மேலிடத்தார் முனைந்தபொழுது, சென்னை ரெவினியூ போர்டார் 1871இல் அதற்கு உடன்பட மறுத்தனர். இவ்விராசதானியில் யாதேனும் ஓர் ஊரின் எல்லைக்குட்படாத காடு அரிது. அதில் ஊரார்க்கு வழிவழி உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். இறுதியில் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் பிறந்தது. எல்லைக்கல் நட்டுக் காப்புக்காடுகள் வகுக்கப்பட்டன. நேற்று வரை சுள்ளி பொறுக்கிய கிழவி இன்று குற்றவாளியானாள். தேனும் கிழங்கும் பச்சிலையும் கொண்டு வாழ்ந்த செங்கற்பட்டுச் சீமை இருளர்க்குத் தம் காட்டிலேயே காவலர்க்கு அஞ்சி ஒதுங்கும் நிலை வந்தது. இச்சட்டம் கிளெக்ஹார்ன் நாடு திரும்பிய பின்னர் எழுந்தது. அதன் பழி முழுதும் அவரைச் சாராது. எனினும் அரசாங்கமே காட்டின் காவலன் என்னும் வித்தை அவரும் அவர் தோழரும் விதைத்தனர். உத்தரமேரூர் வாரியத்தார் ஊரார்க்குக் கணக்குக் காட்டினர், புதிய இலாகாவோ கணக்கை மேலே அனுப்பிற்று, ஊரார்க்குக் காட்டிற்றிலது.

தாவரங்களிலும் ஒரு படிப்பினை உண்டு. விறகுப் பஞ்சம் தீர்க்க வேற்று நாட்டு மரங்களைக் கொணர்வது அக்காலத்தார் கண்ட மருந்து. சவுக்கு நன்மை செய்தது. கிளெக்ஹார்னின் துணைவராயிருந்து அவர்க்குப்பின் தலைமை ஏற்ற பெடோம், 1876இல் சீமைக் கருவேல் விதையை வருவிக்க அரசாங்கத்தை வேண்டினார். வறண்ட நிலத்திலும் வளரும் விறகு மரம் என்னும் நல்லெண்ணமே அவரைத் தூண்டிற்று. அம்மரம் இன்று நம் ஏரிகளின் உள்வாயிலும் கரைகளிலும் மண்டி, நீர்வழியை மறித்து நிற்றலைக் காணாத ஊர் அரிது. ஒரு நோய்க்குத் தந்த மருந்து மற்றொரு நோயாதல் வைத்தியர் அறியாததன்று. காட்டிலோ, அம்மாற்றம் தெரிய நூறாண்டு செல்லும்.

ஸ்ட்ராவிதியில் ஓய்ந்திருந்த காலத்தும் கிளெக்ஹார்ன் வாளா இருந்தாரல்லர். எடின்பரோ தாவர நூற் சங்கத்திற்கும் ஸ்காத்லாந்து மரவளர்ப்புச் சங்கத்திற்கும் தலைவராயிருந்தார். இந்தியாவிற் காட்டு வித்தையைக் கையாண்ட ஆங்கிலேயர் தம் நாட்டில் அதனைக் கற்பிக்க ஒரு பீடமும் இல்லாதிருத்தல் அவர்க்கு வருத்தம் தந்தது. அக்குறையை நீக்க உழைத்தவருள் அவர் முன்னின்றார். 1884இல் எடின்பரோவில் நடந்த சர்வதேச வனப் பொருட்காட்சியிலும் பங்கு கொண்டார். 1889இல் எடின்பரோ சர்வகலாசாலையில் வன நூல் விரிவுரையாளர் பதவி ஏற்பட்டதையும் கண்ட பின்னர், 1895ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி ஸ்ட்ராவிதியிற் காலமானார். சென்னையிற் பிறந்து, சென்னைக் காடுகட்கு உழைத்து, ஸ்காத்லாந்தில் அம்மரவித்தையைக் கற்பிக்க வழிசெய்து முடிந்தது அவர் வாழ்வு.

அவர்க்குப்பின் வந்தோர் குறையைச் சிறிது சிறிதாக உணர்ந்தனர். 1913இல் சென்னை அரசாங்கத்தின் வனக் குழு, ஊரார் பயன்படுத்தும் காடுகளைச் சிற்றூர்ப் பஞ்சாயத்துகளிடமே ஒப்புவிக்கலாம் எனக் கூறிற்று. அவ்வாறே வனப் பஞ்சாயத்துகள் தோன்றின. தமிழ்நாட்டில் 1997 முதல் காடு வளர்ப்புத் திட்டத்தின் வழியே கிராம வனக் குழுக்கள் அமைந்தன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழ்வார்க்கு உரிமையை ஏட்டில் எழுதித் தந்தது. ஏட்டில் எழுதியது காட்டிற்குள் எவ்வளவு சென்றது என்பதை ஊரூராகச் சென்றே அறிதல் வேண்டும். ஆயினும் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் நின்ற நெறிக்குக் காட்டின் நிர்வாகமும் மெல்லத் திரும்புகின்றது என்று கூறல் மிகையாகாது.

உத்தரமேரூர் இன்று காஞ்சீபுர மாவட்டத்திலும், அதன் பழைய தோழமையாகிய செங்கற்பட்டு 2019 முதல் தனி மாவட்டத்திலுமாகப் பிரிந்து நிற்கின்றன. அவ்வட்டாரத்துக் காப்புக்காட்டு வேலையை ஓராண்டு உடனிருந்து காண்போமாயின், கிளெக்ஹார்ன் தொடங்கிய கணக்கு எத்துணைச் சிறு வேலைகளால் நடைபெறுகின்றது என்பது விளங்கும். கோடையில் சருகு அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவர். நாற்றங்காலிற் கன்றுகட்குக் காலையும் மாலையும் நீர் வார்ப்பர். ஐப்பசி மழை நிலத்தில் ஒரு சாண் இறங்கியபின் குழிகளிற் கன்றுகளை வைப்பர். நட்டதில் பட்டுப்போனதை எண்ணி அடுத்த ஆண்டு அவ்விடத்தே வேறு வைப்பர். காவலர் ஒருவர் தனியே பல மைல் நடப்பார். இவற்றைச் செய்வார் பெயர் நூல்களில் ஏறுவதில்லை. நிலம்பூரில் நாற்றுக்கு நீர் வார்த்தவர் பெயர்களும் ஏறவில்லை. ஆயினும் காடு நிற்பது அவர்கள் கையில்.

காட்டின் வேரும் சருகும் மழைநீரை மண்ணிற்குள் இறக்கி, மண் அரிந்து ஏரியைத் தூர்ப்பதைத் தடுக்கின்றன. பல்லவர் காலத்தே வயிரமேக தடாகம் எனப் பெயர் பெற்ற உத்தரமேரூரின் பேரேரியைப் போன்ற ஏரிகள் நிறைதற்கும், நிறைந்தது நிலைத்தற்கும், மேட்டுநிலத்துக் காடு துணை. ஆதலின் ஏரி வாரியம் வைத்தவர் காட்டு வாரியமும் வைத்திருத்தல் முறையாம். அன்று அவர்கள் எண்ணாது விட்ட கணக்கை கிளெக்ஹார்ன் எழுதினார். அக்கணக்கை யார்க்குக் காட்டுவது என்பதில் அவர் பிழைத்தார். அப்பிழையை அவ்வூர்க் கல்வெட்டே நமக்குச் சுட்டுகின்றது.

நம் மாணவருள் வன இலாகாவிற் சேர விரும்புவார் உளர்; சிற்றூர்களிற் சவுக்கும் நெல்லும் பயிரிடும் குடும்பங்களிலிருந்து வந்தாரும் உளர். முன்னவர் காட்டைக் காக்கும் அதிகாரம் பெறுங்காலத்து, அக்காட்டின் ஓரத்து ஊராரை முதலிற் கூட்டிக் கணக்கைப் படித்துக் காட்டுவாராக. பின்னவர் தம் ஊர்ப் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் மரங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. இவ்விரு பகுதியாரும் அங்ஙனம் செய்வராயின், அச்சென்னை வைத்தியர் எழுதத் தொடங்கிய ஏட்டில் அவர் நிரப்பாது விட்ட பக்கம் நிரம்பும் என நாம் நம்புகின்றோம்.